அறுபத்திரண்டாவது பிள்ளை

"டீச்சர், பிள்ளை பிறக்கவே மாட்டேங்கு."

சொரிமுத்து இப்படிச் சொன்னதும் வகுப்பில் இருந்த ஏழு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பக்கத்து நாற்காலியில் இருந்த கேபிள் டி.வி. பால்ராஜ் சிரித்துவிட்டான்.

"அம்பத்தொரு வயசுல என்ன அண்ணாச்சி அவசரம்?"

சொரிமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. கணினித் திரையில் மூன்று வரி சிவப்பு எழுத்துகள் நின்றன. டீச்சர் எழுந்து வருவதற்குள் அந்தப் பக்கத்தை மூடிவிட்டார்.

ருகையா டீச்சருக்கு இருபத்தெட்டு வயது. சொரிமுத்துவின் மூத்த மகள் வயதுதான். அதிகம் பேச மாட்டார். கேட்ட கேள்விக்குச் சில நாள் பதில் சொல்வார். சில நாள் பதிலுக்கு வேறு ஏதாவது செய்வார்.

"எதுக்கு மூடுனிய அண்ணாச்சி?"

"சிவப்பா வந்துச்சு டீச்சர்."

"என்ன எழுதியிருந்துச்சு?"

"படிக்கல."

ருகையா தலையை அசைத்தார். தம் இடத்துக்குத் திரும்பிப் போய்விட்டார்.

அவ்வளவுதான் அன்றைய பாடம்.

*

சொரிமுத்து ஒரு பஞ்சாலையில் எழுத்தர். இருபத்தாறு வருடம் கிடங்கில் பஞ்சுப் பொதிகளை எண்ணி எழுதிக்கொண்டிருந்தவர்.

அந்த ஆலைக்குள் ஒரு பிள்ளைக் காப்பகம் இருந்தது. வேலைக்கு வருகிறவர்கள் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். வேலை முடிந்ததும் யாராவது வந்து கூட்டிப் போவார்கள். மொத்தம் அறுபத்திரண்டு பிள்ளைகள்.

எந்தப் பிள்ளையை யாரிடம் கொடுக்க வேண்டும் என்பது லூர்து ஆயாவுக்குத் தெரியும். பதிவேட்டிலும் எழுதியிருக்கும். ஆனால் ஆயா பதிவேட்டைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. வாசலில் நிற்பவரின் முகத்தைப் பார்ப்பார். பிள்ளையைக் கொடுப்பார்.

ஆயா வழுக்கி விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டார். மூன்று மாதம் படுக்கை.

ஆயா இடத்துக்கு வந்த இரண்டு பெண்களுக்கும் முகங்கள் பழகவில்லை. அதனால் மேனேஜர் ஒரு முடிவு செய்தார். பிள்ளையின் பெயரை அடித்தால், யாரிடம் கொடுக்க வேண்டும் என்று கணினி சொல்ல வேண்டும்.

"நீரு எழுத்துக்காரர்தானே? வகுப்புக்குப் போயிப் படியும். நீரே செய்யும்," என்று சொரிமுத்துவைக் காப்பகத்துக்கு மாற்றினார். நாளும் குறித்தார். வருகிற திங்கட்கிழமை.

அன்று முதல், ஒரு பிள்ளை யார் கையைப் பிடித்துக்கொண்டு ஆலைக் கேட்டைத் தாண்டும் என்பதை சொரிமுத்து எழுதியது தீர்மானிக்கும்.

அது தப்பாகச் சொன்னால்?

பஞ்சுப் பொதி மாறிப் போனால் திரும்பி வரும். பிள்ளை மாறிப் போனால்?

சாப்பாட்டுத் தட்டில் கை வைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி எதிரே வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டு வாரமாக அவர் சோற்றை மிச்சம் வைக்கிறார். மனைவி உப்பு கூடிவிட்டதோ என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

*

ஒரு சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் கணினிப் புரோகிராம் எழுதும் வகுப்பு. மாலை ஆறு முதல் எட்டு வரை.

கிளாஸ் என்றால் என்ன, ஆப்ஜெக்ட் என்றால் என்ன என்று முதல் வாரமே ருகையா சொல்லியிருந்தார். சொரிமுத்துவுக்குப் புரியும்படி, காப்பகத்தை வைத்தே சொன்னார்.

"கிளாஸ்ங்கிறது அச்சடிச்ச காலிப் படிவம். 'குழந்தை'ன்னு மேல போட்டிருக்கும். பேரு, வயசு, யாரிடம் கொடுக்கன்னு கீழ கோடு இருக்கும். அது பிள்ளை இல்ல."

"சரி டீச்சர்."

"ஒரு பிள்ளைக்கு அதை நிரப்புனா அது ஆப்ஜெக்ட். அறுபத்திரண்டு பிள்ளைன்னா அறுபத்திரண்டு ஆப்ஜெக்ட்."

"கன்ஸ்ட்ரக்டர்?"

"நிரப்புன படிவத்தை வாங்குற ஜன்னல். ஒவ்வொரு பிள்ளையும் அது வழியாத்தான் உள்ள வரணும்."

"ஜன்னல்ல நாந்தானே டீச்சர் உக்காந்திருக்கேன்?"

"ஆமா. இனிமே நீங்க எழுதுனது உக்காந்திருக்கும்."

அன்றைக்கு அதைக் கேட்கப் பெருமையாக இருந்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் பயமாக இருந்தது.

*

வெள்ளிக்கிழமை சொரிமுத்து படிகளை இரண்டு இரண்டாகத் தாண்டி வந்தார். மூச்சு வாங்கியது.

"டீச்சர்! சிவப்பே வரல!"

"பிறந்துட்டா?" என்றான் பால்ராஜ். "எங்க அண்ணாச்சி மிட்டாய்?"

"அறுபத்திரண்டும் பிறந்துட்டுல!"

ருகையா வந்து திரையைப் பார்த்தார்.

"எப்படிப் போச்சு சிவப்பு?"

சொரிமுத்து உற்சாகமாகச் சொன்னார். ஆயாவின் பதிவேட்டில் மூன்று பிள்ளைகளுக்கு 'யாரிடம் கொடுக்க' என்ற இடம் காலியாக இருந்தது. அந்த மூன்று பேரிடம் வரும்போதெல்லாம் சிவப்பு. அதனால் கன்ஸ்ட்ரக்டரில் ஒரு சின்ன ஏற்பாடு செய்துவிட்டார். அந்த இடத்தில் ஒன்றும் தராவிட்டால், அதுவே 'அம்மா' என்று போட்டுக்கொள்ளும்.

"பாதிப் பேருக்கு மேல அம்மாதானே டீச்சர் வாராக? அதான். இதோட விடல. பேரு குடுக்காட்டியும் ஒரு பேரு, வயசு குடுக்காட்டியும் ஒரு வயசு. இனிமே எப்படிக் குடுத்தாலும் ஏத்துக்கும். சண்டையே போடாது."

ருகையா விசைப்பலகையைத் தம் பக்கம் இழுத்தார்.

புதிதாக ஒரு குழந்தையை உருவாக்கச் சொல்லி அடித்தார். விவரம் எழுத வேண்டிய அடைப்புக்குறிகளுக்குள் ஒன்றும் எழுதவில்லை. ஒரு புள்ளிகூட வைக்கவில்லை.

திரை உடனே காட்டியது.

பெயர்: பாப்பா. வயது: 3. யாரிடம் கொடுக்க: அம்மா.

"யாரு இது?" என்றார் ருகையா.

"யாருமில்ல டீச்சர். நீங்க சும்மா அடிச்சது."

"யாருகிட்ட குடுப்பிய?"

"அம்மாகிட்ட."

"யாரோட அம்மாகிட்ட?"

சொரிமுத்து திரையில் இருந்த 'அம்மா'வை மறுபடி படித்தார்.

ருகையா எழுந்து வெளியே போனார். கதவைச் சாத்தினார். பிறகு வெளியிலிருந்து கதவைத் தட்டினார்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

மறுபடி தட்டினார்.

"திறங்க அண்ணாச்சி, உங்களத்தான் தட்டுதாவ," என்றான் பால்ராஜ்.

சொரிமுத்து போய்த் திறந்தார்.

"பிள்ளையக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்," என்றார் ருகையா.

"எந்தப் பிள்ளை டீச்சர்?"

"பாப்பா."

சொரிமுத்து எட்டித் திரையைப் பார்த்தார்.

"நீங்க யாரு?"

"அம்மா."

திரையில் இருப்பதும் அம்மா. வந்திருப்பதும் அம்மா. எல்லாம் சரியாகப் பொருந்தியது.

ருகையா கையை நீட்டினார். "குடுங்க."

அங்கே பிள்ளை ஏது? ஒரு காலி பிளாஸ்டிக் நாற்காலிதான் கிடந்தது. இருந்தாலும் சொரிமுத்து பின்னாலேயே நகர்ந்து போய், அந்த நாற்காலியை மறைத்துக்கொண்டு நின்றார்.

"ஏன் குடுக்க மாட்டேங்கிய? திரையில சரியாத்தான இருக்கு?"

"சரியாத்தான் இருக்கு டீச்சர்."

"அப்புறம்?"

"எனக்கு உங்களத் தெரியாதே!"

சொல்லிவிட்டு சொரிமுத்து தாமே திடுக்கிட்டார். ஆறு வாரமாக தினமும் பார்க்கிற டீச்சர்.

யாரும் சிரிக்கவில்லை. பால்ராஜ்கூட.

ருகையா உள்ளே வந்து உட்கார்ந்தார். சொரிமுத்து செய்திருந்த ஏற்பாடுகளை ஒவ்வொன்றாக அழித்தார். பாப்பா போனாள். மூன்று வயது போனது. 'அம்மா'வும் போனது. பிறகு புரோகிராமை ஓடவிட்டார்.

சிவப்பு.

சொரிமுத்துவின் கை தானாக மவுஸை நோக்கிப் போனது. ருகையா அதற்கு முன்பே மவுஸின் மேல் தம் உள்ளங்கையை வைத்துவிட்டார்.

"படிங்க."

இங்கிலீஷ். சொரிமுத்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டினார். முதல் இரண்டு வரிகளில் அவர் எழுதிய வரியையே திருப்பிக் காட்டியிருந்தது. மூன்றாவது வரிக்கு நேரமானது.

"யாரிடம்ங்கிறது வேணுமாம் டீச்சர். அது வரலையாம்."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"அப்ப சொல்லிடுங்க."

"எனக்கு எப்படி டீச்சர் தெரியும்?"

ருகையா எழுந்து வாசலுக்குப் போய்க் குனிந்து ஏதோ செய்துவிட்டு, அடுத்த ஆளின் திரையைப் பார்க்கப் போய்விட்டார்.

சொரிமுத்து வாசலில் எட்டிப் பார்த்தார்.

அவருடைய செருப்பு இரண்டும் தெருவைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தன.

*

சனிக்கிழமை காலையில் சொரிமுத்து பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆலைக்குள் போனார்.

முதல் காலி இடம், கவினுடையது. அவன் அம்மா பஞ்சு பிரிக்கும் இடத்தில் இருந்தாள்.

"நாத்தனார் வந்து கூப்பிடுவா அண்ணாச்சி. சந்தனமாரின்னு எழுதிக்கோங்க. நெத்தியில ஒரு தழும்பு இருக்கும்."

இரண்டாவது, ஜெனிஷா. அவள் அப்பா நூல் சுற்றும் பகுதி.

"நாந்தான் வருவேன். அவ அம்மாவுக்கு ஆஸ்பத்திரி வேலை, ராத்திரிதான் வருவா. இத்தன நாளா யாரும் கேக்கலையே?"

சொரிமுத்து 'அப்பா' என்று எழுதிக்கொண்டார். அவருடைய ஏற்பாடு திங்கட்கிழமை இந்த மனுஷனைப் பார்த்து, 'அம்மாவை வரச் சொல்லுங்கள்' என்று சொல்லியிருக்கும்.

மூன்றாவது, மிருதுளா. மூன்றரை வயது. அம்மா பெயர் ஆவுடைச்செல்வி. நூற்பு இயந்திரப் பகுதி.

இயந்திரச் சத்தத்தில் கேட்காது என்று அவள் வெளியே வந்தாள். தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசி.

"எங்கிட்ட மட்டும் குடுங்க அண்ணாச்சி. வேற யாரு வந்தாலும் குடுக்காதிய. யாரு வந்தாலும்."

சொரிமுத்து பென்சிலால் எழுதிக்கொண்டார்: அம்மா.

மனசு லேசானது. ஒன்றுக்காவது நான் போட்டது சரியாக இருந்ததே!

அங்கேயே திரும்பியிருக்கலாம். பதிவேட்டை மூடும்போது அப்பா பெயர் கண்ணில் பட்டது. வெள்ளைப்பாண்டி. அதே ஆலை. பஞ்சைச் சீவும் கார்டிங் பகுதி.

எழுதியாயிற்றே, எதற்கு வம்பு என்று நினைத்தார். இருபது அடி நடந்தார். நின்றார். கார்டிங் பகுதிக்குப் போனார்.

வெள்ளைப்பாண்டி கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். கேள்வியைக் கேட்டதும் முகம் இறுகியது.

"அவகிட்ட கேட்டியளா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னா?"

சொரிமுத்து பென்சில் எழுத்தைத் திருப்பிக் காட்டினார்.

"எங்கிட்ட மட்டும் குடுங்க அண்ணாச்சி," என்றான். "நாங்க ஒரு வீட்டுல இல்ல. கேஸ் நடக்கு. அவ கூட்டிட்டுப் போயி அவ ஊருக்கு பஸ் ஏறிட்டான்னா நான் என் மகளப் பாக்க முடியாது."

"கோர்ட்டுல என்ன சொல்லியிருக்காக?"

"அடுத்த மாசம்தான் சொல்லுவாக."

சொரிமுத்து பென்சில் எழுத்தை அழித்தார். அழித்த இடம் கறுப்பாக அப்பிக்கொண்டது.

ஆயாவுக்குப் போன் போட்டார்.

"ஆயா, மிருதுளாவுக்கு நேரா எழுத மறந்துட்டியளா?"

"எவன் சொன்னான் மறந்தேன்னு? தெரிஞ்சுதான் விட்டேன். என்னத்த எழுதச் சொல்லுதிய? இவ பேர எழுதுனா அவன் செத்துருவான். அவன் பேர எழுதுனா இவ செத்துருவா."

"பின்ன எப்படிக் குடுத்திய?"

"ரெண்டு பேரும் வர்ற வரைக்கும் இடுப்புல வச்சிருப்பேன்."

"ரெண்டு பேரும் வந்து சண்டை போட்டா?"

"போடட்டும். என் இடுப்பு என்ன தேஞ்சா போயிரும்?"

*

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு கிடையாது. ருகையா மட்டும் பாடம் தயார் செய்துகொண்டிருந்தார். சொரிமுத்து வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"டீச்சர், ரெண்டு பேர் பேரையும் போட்டுப் பாத்தேன். முதல்ல வந்தவுக கூட்டிட்டுப் போயிருவாக. ஆயா பேரப் போட்டேன். அவுகளால எழுந்திரிக்க முடியாது. கடைசியில 'பின்னர் சொல்லப்படும்'னு போட்டேன். ஜன்னல் ஏத்துக்கிட்டு."

"ஏத்துக்கிட்டா?"

"அதான் டீச்சர் பயமா இருக்கு. அது எழுத்து வந்திருக்கான்னுதான் பாக்கு. ஒரு நாள் நான் இல்லாட்டி, வாசல்ல இருக்குற பொண்ணு அதப் படிச்சுட்டு என்ன செய்வா? யாராவது ஒரு ஆளு வந்து நானாச்சுன்னு சொன்னா குடுத்துருவா."

"அதனால?"

"அழிச்சுட்டேன்."

"மத்த பிள்ளையெல்லாம்?"

"அறுபத்தொண்ணும் சரி. ஒவ்வொண்ணையும் மூணு தடவ பாத்துட்டேன்."

"அப்ப முடிஞ்சுது."

சொரிமுத்துவுக்குக் கோபம் வந்தது. ஆறு வாரத்தில் முதல் முறை.

"என்ன டீச்சர் முடிஞ்சுதுங்கிய! ஒரு பிள்ளை நிக்கே!"

"எங்க நிக்கு?"

சொரிமுத்து திரையைக் காட்டினார்.

ருகையா குனிந்து திரையை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். அறுபத்தொரு பெயர்கள்.

"இங்க இல்லையே."

"ஆமா, இங்க இல்ல. இங்க எப்படி இருக்கும்?"

"அப்ப எங்க?"

சொரிமுத்து திரையைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார்.

ருகையா கைப்பையை எடுத்துக்கொண்டு கீழே டீ குடிக்கப் போய்விட்டார். போகும்போது, "விளக்க அணைச்சுட்டு வாங்க அண்ணாச்சி," என்றார்.

*

திங்கட்கிழமை காலையிலேயே மேனேஜர் வந்துவிட்டார்.

"என்ன சொரிமுத்து, அறுபத்தொண்ணுதான் காட்டுது?"

"ஒரு பிள்ளையச் சேக்க முடியல சார்."

"முடியலையா, தெரியலையா?"

"முடியல சார்."

"மேலிடத்துக்கு அறுபத்திரண்டுன்னு எழுதிக் குடுத்தாச்சு. எதையாவது போட்டு நிரப்பும். அந்தப் புள்ளைக்கு அம்மா இருக்கால்ல? அம்மான்னு போடும். முடிஞ்சுது."

மேனேஜர் போய்விட்டார்.

சொரிமுத்து மிருதுளாவின் பெயரை அடித்தார். வயதை அடித்தார். 'அம்மா' என்று அடித்தார்.

இனி ஒரே ஒரு தட்டு. ஜன்னல் வாங்கிக்கொள்ளும். சிவப்பு வராது. மேனேஜர் கூப்பிட மாட்டார். இன்றைக்குச் சோறு இறங்கும்.

விரல் அந்த விசையின் மேல் இருந்தது.

உள்ளே பிள்ளைகள் பாய் விரிக்கும் சத்தம் கேட்டது. மிருதுளா தன் பாயைத் தலையில் வைத்துக்கொண்டு, இடம் கிடைக்காமல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள்.

சொரிமுத்து மூன்று எழுத்துகளையும் அழித்தார்.

நாலு மணிக்குச் சங்கு ஊதியது.

வாசலில் வரிசை நின்றது. பெயர் சொன்னார்கள். அடித்தார். திரை சொன்னது. சந்தனமாரி நெற்றித் தழும்புடன் வந்து கவினைக் கூட்டிப் போனாள். ஒரு தவறும் நடக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொரிமுத்துவின் நெஞ்சு ஒரு முறை அடைத்து, ஒரு முறை திறந்தது.

"மிருதுளா," என்றாள் ஆவுடைச்செல்வி.

சொரிமுத்து விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். எழுந்து உள்ளே போய் மிருதுளாவைக் கூட்டி வந்தார். அவள் அவருடைய சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவைப் பார்த்ததும் சிரித்தாள்.

"அந்த பெஞ்சுல உக்காருங்கம்மா."

"ஏன், பேர அடிக்கலையா?"

"அவ பேரு இதுல இல்ல."

"எங்கிட்ட மட்டும்னு சனிக்கிழமையே சொன்னேன்ல?"

"சொன்னிய. அவரும் அதத்தான் சொன்னாரு."

அவள் முகம் வெளுத்தது. "அப்ப அவருகிட்ட குடுத்துருவியளா?"

"இல்ல."

"பின்ன யாருகிட்டதான் குடுப்பிய?"

"எனக்குத் தெரியாதும்மா."

வரிசையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"நல்லா இருக்கே!" என்றாள் ஒருத்தி. "ஆறு வாரம் படிச்சுட்டு வந்து தெரியாதுங்காரு."

"ஆமாம்மா, தெரியாது," என்றார் சொரிமுத்து. விரலை விடுவிக்கவில்லை. ஒற்றைக் கையாலேயே அடுத்த பெயரை அடித்தார்.

ஆவுடைச்செல்வி உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். ஒரு கட்டத்தில் மகளை வாங்கி மடியில் வைத்துக்கொள்ளக் கையை நீட்டினாள். சொரிமுத்து மிருதுளாவையும் கூட்டிக்கொண்டு போய் அவள் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். மிருதுளாவின் ஒரு கை அம்மாவின் மடியில் இருந்தது. இன்னொரு கையில் அவர் விரல் இருந்தது.

ஐந்தரை மணிக்கு வரிசை தீர்ந்தது. போன் அடித்தது.

"சபாஷ் சொரிமுத்து!" என்றார் மேனேஜர். "இங்க என் ஸ்கிரீன்ல பாத்துக்கிட்டே இருக்கேன். எல்லாப் பிள்ளையும் போயாச்சு. உள்ள பூஜ்யம் காட்டுது. பூட்டச் சொல்லிரட்டா?"

"பூட்டாதிய சார்! ஒண்ணு இருக்கு."

"எங்கய்யா இருக்கு? இதுல ஒண்ணும் இல்லையே?"

"என் கையில சார்."



"எவ்வளவு நேரம்?"

"தெரியாது சார்."

வெள்ளைப்பாண்டி வரும்போது மணி ஐந்தே முக்கால். வேலை அன்று தாமதமாக முடிந்து ஓடி வந்திருந்தான். பெஞ்சில் ஆவுடைச்செல்வியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான். பிறகுதான் மகளைப் பார்த்தான். இன்னும் போகவில்லை என்று அவனுக்குப் புரியக் கொஞ்சம் நேரமானது.

சொரிமுத்து எழுந்தார். உட்கார்ந்திருந்ததில் கால் மரத்துப்போயிருந்தது.

"ரெண்டு பேரும் இங்க வாங்க."

வந்தார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் நான்கடி இடைவெளி.

"இன்னைக்கு யாருகிட்ட?"

ஆலைக்குள் மாலை ஷிப்டின் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. மிருதுளா இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எனக்கு அவசரமில்ல," என்றார் சொரிமுத்து.

அது பொய். பெஞ்சில் மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

வெகு நேரம் கழித்து வெள்ளைப்பாண்டி தரையைப் பார்த்துச் சொன்னான்.

"நாளைக்கு எனக்கு லீவு. நாளைக்கு நான் கூட்டிட்டுப் போறேன்னா இன்னைக்கு அவ கூட்டிட்டுப் போகட்டும்."

சொரிமுத்து ஆவுடைச்செல்வியைப் பார்த்தார். அவள் பார்வை மகளின் உச்சந்தலையில் இருந்தது.

"நீங்களும் சொல்லணும்மா."

"சரி."

"எங்கிட்ட இல்ல. அவருகிட்ட."

அவள் திரும்பினாள். "நாளைக்கு நீங்க," என்றாள்.

சொரிமுத்து விரலை விடுவித்துக்கொண்டார்.

*

அடுத்த திங்கட்கிழமை வகுப்பில் ருகையா எல்லோருடைய புரோகிராமையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். சொரிமுத்துவின் திரைக்கு முன்னால் நின்றார். பட்டியலை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். அறுபத்தொன்று.

"ஒரு வாரமாச்சே," என்றார். "மிருதுளாவ இன்னும் சேக்கலையா?"

"இல்ல டீச்சர்."

"ஏன்?"

"தினம் கேட்டுக்கிட்டு இருக்கேன்."